ஒரே ஒரு மீன்

வரவேற்பறையில் ஒரே ஒரு மீன் இருந்தது.

ஒரு கண்ணாடிப் புட்டி. அதற்குள் நீல நிற ஃபைட்டர் மீன். பார்ப்பவர்கள் அவனை எதிலும் அளவானவன் என்று எண்ணிக்கொள்ளத் தகுந்த ஏற்பாடு.

ஏற்பாடு அவன் அக்கா கோகிலவாணியுடையது.

குளியலறை அலமாரியிலும் பூஜையறை விளிம்பிலும் துணி மடிக்கும் மேசையிலும் இருந்த மற்ற புட்டிகள் யாவும், காலையிலேயே அடுக்ககத்தின் வெவ்வேறு வீடுகளுக்கு விருந்தாளிகளாகச் சென்றுவிட்டன.

"எதுனாலும் ஒண்ணே ஒண்ணு, கண்ணு. முறுக்கு ஒண்ணு, பேச்சு ஒரு வரி. இந்த எடமும் போச்சுன்னா நான் இனிப் பாக்க மாட்டேன், போ."

அக்காவைக் குறை சொல்வதற்கில்லை. முந்தைய வரன், ஒரே வாரத்தில் அவன் அனுப்பிய நலம் விசாரிப்புகளாலேயே களைத்துப் போயிருந்தது. சைக்கிள் வாங்கிய மறுநாளே ஊட்டிக்கு மிதித்தவன், லாரியில் திரும்பி வந்ததையும் உறவில் யாரும் மறக்கவில்லை.

சோபாவில் இந்த முறை பார்த்திருந்த பெண் அமர்ந்திருந்தாள். அருகில் அவளுடைய சித்தப்பா. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்கள்.

அவன் ஒரு முறுக்கு வைத்தான்.

சித்தப்பா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்த நேரத்தில், அவள் அதைக் காபியில் நனைத்துக் கடித்தாள்.

அவனுக்கு முறுக்கு டின்னை அப்படியே அவள் மடியில் கவிழ்த்துவிட வேண்டும் போலிருந்தது.

கைகளைக் கட்டிக்கொண்டான்.

"மீன் வளத்தறது பொழுதுபோக்குங்களா தம்பி?" என்றார் சித்தப்பா.

"ஆமாங்க."

அவ்வளவுதான். வால் வகைகள், மீனுக்காகப் பாதாம் இலை ஊறவைத்த நீரின் நிறம், பொள்ளாச்சிக்குப் போய் ஒரு சிவப்பு மீனுக்காகக் காத்திருந்த பகல் எல்லாம் பற்களுக்குப் பின்னால் வந்து நின்றன. காபியோடு சேர்த்து விழுங்கினான்.

அக்காவின் முகத்தில் பெருமிதம் தெரிந்தது.

அழைப்பு மணி ஒலித்தது.

கீழ்வீட்டுச் சரசக்கா நின்றார். இரு கைகளிலும் இரண்டு புட்டிகள். முகத்தில் கலவரம்.

"தம்பி, உங்க மீனு ரெண்டும் உப்பிக்கிச்சுங்க! செவுளை விரிச்சுக்கிட்டு நிக்குது பாருங்க. வெடிச்சுப் போயிருமாட்ட இருக்குது. நான் ஒண்ணுமே பண்ணலீங்க. தொடைக்கறதுக்கு நடுவால இருந்த அட்டையை எடுத்தேன், அவ்வளவுதான்."

புட்டிகளை டீப்பாயின் மீது நீல மீனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

நீல மீனும் உப்பியது.

"அது வந்துங்க... அவங்க வீட்டுது," என்று அக்கா தொடங்கினாள்.

தொடங்கியதை முடிக்க இயலவில்லை. திறந்திருந்த கதவில் மேல்வீட்டு நாச்சிமுத்து தோன்றினார். அவரிடமும் ஒரு புட்டி.

"தம்பி, இது ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குதுங்க. இட்லி கூடப் போட்டுப் பாத்துட்டேன்."

டீப்பாயில் இடம் குறைந்துகொண்டே வந்தது.

சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார். பாதிக் காபி அதில் மிச்சமிருந்தது.

"மொத்தம் எத்தனைங்க தம்பி?"

"கொஞ்சந்தானுங்க," என்றாள் அக்கா.

அவனால் பொய் சொல்ல முடியவில்லை.

"தெரியலீங்க. எண்ணி முடிக்கறதுக்குள்ள இன்னும் வாங்கிப்போடறனுங்க."



சித்தப்பா தோளிலிருந்த துண்டைச் சரிசெய்தார்.

"கெளம்பலாமா, கண்ணு?"

அவள் டீப்பாயை நோக்கிக் குனிந்திருந்தாள்.

"ஏன் இப்படி நிக்குதுங்க?"

அவனிடம்தான் கேட்டாள்.

"ஒண்ணையொண்ணு பாத்துட்டா இப்படித்தானுங்க. நடுவுல அட்டை வெக்கோணும்."

ஒரு வரி இரண்டு வரியாகிவிட்டது. அக்காவைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டான்.

அவள் தான் கொண்டு வந்திருந்த இனிப்புப் பெட்டியின் மூடியைக் கிழித்தாள். மடித்தாள். புட்டிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் செருகினாள்.

நீல மீன் சற்று நேரம் அட்டையை முறைத்தது. பிறகு, மழை விட்டபின் குடையை மடக்குவதைப் போலத் தன்னை மடக்கிக்கொண்டது.

அதைப் பார்த்து அவள் சிரித்தாள்.

நிமிர்ந்தாள்.

"அப்புறம்?"

அவனை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. போதுமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

அக்கா மின்விசிறியைப் பார்த்தாள்.

அவன் சொன்னான். ஆண் மீன் நுரையால் கூடு கட்டுவதைச் சொன்னான். விழும் முட்டைகளை அது வாயில் ஏந்தி, திரும்பத் திரும்பக் கூட்டில் வைப்பதைச் சொன்னான். பாதாம் இலைக்காகப் பூங்காக் காவலரோடு நட்புக் கொண்டதைச் சொன்னான். பொள்ளாச்சியைச் சொன்னான். சைக்கிளையும், கேளாமலேயே, லாரியையும் சொன்னான்.

சரசக்கா தரையில் அமர்ந்துவிட்டார். நாச்சிமுத்து, இட்லி போட்டதற்காக வருத்தம் தெரிவித்தார்.

சித்தப்பாவின் டம்ளரில் ஆடை படிந்திருந்தது. அவர் அதை விரலால் ஒதுக்கிவிட்டு, மீதியைக் குடித்தார்.

"முறுக்கு நீங்க போட்டதுங்களா?" என்று அக்காவிடம் கேட்டார்.

மணி மீண்டும் ஒலித்தது.

கதவை யாரோ காற்றுக்குச் சாத்தியிருந்தார்கள். வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட குரல்கள். யாரோ யாரையோ, தண்ணீர் சிந்தாமல் பிடிக்கும்படி அதட்டினார்கள்.

அவன் பதறி எழுந்தான். வேட்டி டீப்பாயில் சிக்கியது.

அதை அவன் விடுவிப்பதற்குள், அவள் கதவருகில் போயிருந்தாள்.

தாழ்ப்பாளை நீக்கினாள்.

"உள்ள வாங்க," என்றாள்.