ஒன்றிலிருந்து இரண்டுக்குள்

“இந்தா பாருங்க சசிகலா, ஒண்ணுலேருந்து ரெண்டுக்குள்ள மட்டும் இருபத்தேழு பேரு!” டாக்டர் அதாவுல்லா பென்சிலால் தாளைத் தட்டினார். “மலைச்சனம் என்னைத் தேடித்தான் வருது.”

காவலூரைத் தாண்டி மலைக்குள்ளே இருந்த அந்தச் சின்ன ஊருக்கு அவர் செவ்வாய்தோறும் திருப்பத்தூரிலிருந்து ஜீப்பில் வந்து முகாம் போடுவார். ஒன்பது மணிக்குத் திறப்பு, இரண்டு மணிக்குப் புறப்பாடு. ஊருக்குப் பஸ் என்று பார்த்தால் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

மாதம் ஐம்பது நோயாளிகள் தேறாவிட்டால் முகாமை நிறுத்திவிடுவோம் என்று மேலிடத்துக் கடிதம் வந்திருந்தது. போன மாதம் தேறியது முப்பத்தெட்டு. டாக்டர் நர்ஸ் சசிகலாவின் பதிவேட்டைப் பிரித்து, பள்ளிக்கூடத்தில் படித்த நிகழ்வெண் அட்டவணையைப் போட ஆரம்பித்தார். மணிக்கொரு வகுப்பு, ஆளுக்கொரு கோடு, நாலு கோட்டுக்குக் குறுக்கே அஞ்சாவது.

ஒன்பதிலிருந்து பத்து வரை மூன்று பேர். அடுத்த இரண்டு மணி நேரத்துக்கும் இரண்டிரண்டு பேர். பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை நாலு. அதற்கப்புறம் கோடு போட்டுப் போட்டுத் தாளின் ஓரமே வந்துவிட்டது.

“கொல்லை வேலையை முடிச்சிட்டு மத்தியானம்தான் வர்றாங்க. சரியா கூட்டம் சேர்ற நேரத்துல நாம கெளம்பிடறோம். அஞ்சு மணி வரைக்கும் ஒக்காந்தோம்னா நூறு தாண்டும்!”

சசிகலா அதே மலையில் பிறந்தவள். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே, “சார், அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தைப் பதினஞ்சு பதினஞ்சு நிமிஷமாப் பிரிச்சுப் பாத்துடலாமா?” என்றாள்.

“இன்னாத்துக்கு? வகுப்பு ஜாஸ்தியானா மேல இருக்கிறவங்களுக்குத் தலை சுத்தும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணு கவனிச்சீங்களா? முக்கால்வாசிப் பேரு அவங்களாவே எக்ஸ்ரே எடுக்கணும்னு கேக்கறாங்க. நானும் ஜீப்புலயே திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஊசியப் பாத்து ஓடின சனம்! இன்னா ஒரு விழிப்புணர்வு!”

சசிகலாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அதற்குள் டாக்டர் அட்டவணையைப் போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்த செவ்வாய். ஒன்றே முக்காலுக்கு எட்டுப் பேர் வந்து, கொண்டுவந்த சாக்குப்பைகளை ஜீப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் பெஞ்சை நிரப்பினார்கள். தனசேகரனுக்குத் தோள்பட்டை. அவர் தம்பிக்கு முழங்கை. அம்மாக்கண்ணு இடுப்பைப் பிடித்தபடி, “அய்யோ, எலும்பே ஒடையுதே” என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் நிதானமாக ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்தார். எட்டுப் பேருக்கும் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பாட்டன் பூட்டன் வரை விசாரித்தார். மணி இரண்டேகால் ஆயிற்று. பெஞ்சில் ஒருவர் மாற்றி ஒருவர் செல்போனில் மணி பார்த்தார்கள்.

“யாரும் அவசரப்பட வேணாம்!” டாக்டர் எழுந்து நின்று அறிவித்தார். “இனிமே உங்களுக்காக அஞ்சு மணி வரைக்கும் இங்கயேதான் இருக்கப்போறேன்.”

கைதட்டலை எதிர்பார்த்தார். தனசேகரன் தோள்பட்டையை நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “வலி வுட்டுடுச்சுங்க” என்று வெளியே நடந்தார். தம்பியும் பின்னாலேயே போனார். அப்புறம் இன்னும் ஐந்து பேர்.

முகம் வாடிப்போன டாக்டர் மிச்சமிருந்த அம்மாக்கண்ணுவிடம் திரும்பினார். “இன்னாம்மா இது, எல்லாரும் எழுந்து போறாங்க? நீங்களாச்சும் இருங்க. சாயங்காலம் நானே கூட்டிட்டுப் போறேன், ராத்திரி எட்டு மணி ஆனாலும் எக்ஸ்ரே எடுப்பாங்க.”

அம்மாக்கண்ணு இடுப்பிலிருந்து கையை எடுத்தார். நேராக நிமிர்ந்து நின்றார்.

“எக்ஸ்ரே கெடக்கட்டும் சார், திருப்பத்தூர்ல மூணு மணிக்குப் புளி மண்டியைச் சாத்திடுவாங்களே!”