வைப்பரில் நேந்திரம் சிப்ஸ்

குற்றாலத்தில் வெயிலும் சாரலும் சேர்ந்தே விழுகின்றன. பூங்காவின் நடைபாதையை மறித்து ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் இங்கே நடக்கிற உமாராணி அதன் முன்னால் நிற்கிறாள். நேற்று இதே கார் உரசித் தள்ளியதில் அதே முழங்கால் வீங்கியிருக்கிறது. “ஓரமாப் போகத் தெரியாதா?” என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டவன், இப்போது உடம்பெல்லாம் எண்ணெயோடு அருவிக்குப் போயிருக்கிறான். அவள் நேந்திரம் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, சாமிக்குப் பூச் சாத்துவதுபோல் நிதானமாக, ஒவ்வொன்றாக வைப்பருக்கு அடியில் செருகுகிறாள். “ஏட்டி, பாவம்லா, விடு,” என்கிறாள் கூட நடக்கிற இசக்கிச்செல்வி. “எம் முட்டு பாவமில்லையாக்கும்?” மருதமரம் குலுங்குகிறது. ஏழெட்டுக் குரங்குகள் பானெட்டின்மேல் தொப்தொப்பென்று குதிக்கின்றன. வைப்பர் ரப்பர் நீளமாக உரிந்து வருகிறது. பக்கவாட்டுக் கண்ணாடி ஒடிந்து வயரில் தொங்குகிறது. ஈரத்துண்டோடு ஓடிவருகிறவன், கூட்டத்துக்குத் தலைவனான தாட்டான் குரங்கு பல்லைக் காட்டியதும் பின்வாங்குகிறான். “அம்மா, ஏதாவது செய்யுங்கம்மா!” உமாராணி காலி பாக்கெட்டைக் கசக்கி இடுப்பில் செருகிக்கொள்கிறாள். “ஓரமாப் போகச் சொல்லிப் பாருங்க, அண்ணாச்சி.”