மலருக்கு ஓர் அட்டை

“எதிர்வீட்டு மலருக்கு இடுப்பு வலி மா. என் மூட்டு வலி மாத்திரையிலயே இன்னொரு அட்டை சேர்த்துக் குடுங்க.”

மலேசியாவின் கிள்ளான் நகர மருந்துக் கடையில் டாக்டர் சீட்டை நீட்டினாள் தங்கமணி.

மருந்தாளர் ஹுமைரா மறுப்பாகத் தலையாட்டினாள். “சோரி ஆன்டி. இந்தச் சீட்டு உங்க பேருக்கு. வேற ஆளுக்குன்னு தெரிஞ்சே குடுத்தா சட்டப்படி தப்பு. அவங்கள டாக்டரப் பார்க்கச் சொல்லுங்க.”

“வலியில துடிக்கிறவகிட்ட போயி சட்டம் பேசச் சொல்றியா? மனுசத்தனம் வேணாமா லா?”

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கமணிக்கு இரக்கம் அதிகம். வாய் அதைவிட அதிகம்.

“பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா முட்டி வலியில எந்திரிக்கவே முடியாம கெடந்துச்சு. வருசக்கணக்கா என் மாத்திரையிலதான் பாதியக் குடுத்தேன். நடந்துச்சே! செத்தா போச்சு?”

“இப்ப எப்படி இருக்காங்க ஆன்டி?”

“வெளிய கார்லதான் இருக்கு. டயாலிசிஸுக்கு நான்தானே ஏத்திட்டுப் போறேன்! வேற யாரு செய்வா?”

ஹுமைரா கண்ணாடிக் கதவு வழியே காரைப் பார்த்தாள். பிறகு, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னாள்.

“ஆன்டி, இந்த மாத்திரைய டாக்டர் பார்வையில இல்லாம ரொம்ப நாள் சாப்பிட்டா கிட்னி கெட்டுப்போகலாம். அதுக்குத்தான் இந்தச் சட்டமே.”

இத்தனை பேர் முன்னால் தானே பெருமையாகக் கத்திய வார்த்தைகள் இப்போது தங்கமணியையே கூசவைத்தன. தன் மாத்திரையைக்கூட வாங்காமல் வெளியே வந்தாள்.

ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையை மடியில் வைத்தபடி மாரியாயி காரில் காத்திருந்தாள். அந்தக் கையைப் பார்க்கத் தங்கமணிக்குத் தைரியம் இல்லை.

“மலருக்கு வாங்கிட்டியா தங்கம்?”

“இல்லக்கா. குடுக்க மாட்டேன்னுட்டாங்க.”

“அப்பாடா!” மாரியாயி பெருமூச்சு விட்டாள். “வாங்கிட்டு வந்தீன்னா உன் மனசு நோகாம எப்படித் தடுக்கிறதுன்னுதான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.”

தங்கமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அக்கா... உங்களுக்குத் தெரியுமா?”

“என் கிட்னி போனதே அந்த மாத்திரையாலதான்னு டாக்டரு முதல்லயே சொல்லிட்டாரு. அத யாரு குடுத்தாங்கன்னு கேட்டாரு. ஏதோ ஒரு கடையில நானே கேட்டு வாங்கினேன்னு சொல்லிட்டேன்.”