முதலில் குறை

“பொண்ணுக்குக் குறட்டை வருங்க” என்றார் அவர்.

தட்டில் தேநீர்க் கோப்பைகளோடு வந்துகொண்டிருந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

எதிர் சோபாவில் மாப்பிள்ளைப் பையனும் அவனுடைய அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். பையனின் அம்மா முகத்தில் சிரிப்பே இல்லை.

“லேசாத்தாங்க. சளி பிடிச்சா மட்டும்” என்று மனைவி அவசரமாகக் குறுக்கே புகுந்தாள்.

“இல்லம்மா, தினமும்தான். பக்கத்து ரூம்ல எனக்கே கேக்குதே.”

அவள் தட்டை மேசைமேல் வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

அவர் வேலை பார்க்கிற கடையிலும் இதே கதைதான். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற கடை. யார் எதைத் தொட்டுப் பார்த்தாலும் முதலில் அதன் குறையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்கு வருவார். இது சத்தம் போடும். இதன் கைப்பிடி சீக்கிரம் உடைந்துவிடும். உங்கள் வீட்டுக்கு இவ்வளவு பெரிசு எதற்கு?

முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை இவரைக் கேட்டுத்தான் வருவார்கள் என்பதால் வேலையை விட்டு அனுப்பவும் மனம் வராது. பையனின் அப்பாவும் அப்படிப் பழக்கமானவர்தான்.

ஒருநாள் முதலாளியின் நச்சரிப்புத் தாங்காமல், விற்காமல் கிடந்த ஒன்றைக் காட்டி, “இது நல்லாப் போகுதுங்க” என்று யாரிடமோ சொல்லிவிட்டார். அந்த வாரமே, பொய் சொன்ன பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் மண்டியிட்டார். இதற்கெல்லாமா வருவீர்கள் என்று பங்குச்சாமியாரே சலித்துக்கொண்டாராம். அதையும் வீட்டுக்கு வந்து அவரேதான் சொன்னார்.

மற்றபடி அவரைப் பற்றி மனைவிக்கு ஒரு புகாரும் இல்லை. காலைப் பூசை, வேலை, வேலை விட்டால் வீடு, சாப்பாட்டுக்கு முன் செபமாலை. மகளுக்குக் காய்ச்சல் என்றால் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்துக்கொள்கிற அப்பா.

ஆனால் அந்த வாய்.

இன்றைக்கு ஒருநாள் சும்மா இருங்கள் என்று நேற்றிலிருந்து கெஞ்சியிருந்தாள். நான் பொய் சொல்ல மாட்டேனே என்றார். பொய் சொல்ல வேண்டாம், வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றாள். சரி என்று பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினார்.

ஆட்டிய தலைதான் இப்போது தொடர்ந்தது.

“சமையல் சுத்தமா வராது. கோபம் வந்தா கையில இருக்கிறத வீசிடுவா, போன வருஷம் என் மூக்குக்கண்ணாடி போச்சு. காலேஜ்ல ஒரு பேப்பர் ஃபெயிலாகித்தான் பாஸ் பண்ணினா. கோயில்ல பாட்டுக் குழுவுல நிக்கிறாளே தவிர சுருதி சேராது. தம்பிக்கே தெரியும்.”

பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற பையன், தன்னையறியாமல் ஆமாம் என்று தலையசைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஓரத்தில் உட்கார்ந்திருந்த மகள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மேசைக்கு அடியில் அவர் காலை அழுத்தி மிதித்தாள்.

“ஏம்மா கால மிதிக்கிற?”

பையனின் அப்பா இருமுவதுபோலச் சிரித்தார். பையனின் அம்மா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

நல்லவேளையாகக் கோயில் மணி அடித்தது. அவர் பேச்சைப் பாதியில் விட்டு எழுந்து, கைகூப்பி, மூவேளைச் செபத்தைத் தொடங்கிவிட்டார். வந்தவர்களும் எழுந்து நின்றார்கள்.

எல்லோரும் சேர்ந்து செபம் சொல்ல, அவள் மட்டும் தனியாக மன்றாடினாள். குறட்டை போகட்டும் மாதாவே, கோபமும் போகட்டும். அதை மட்டும் இவர் வாயிலிருந்து வரவிடாதே.

இந்த ஊருக்குக் குடிவந்த பிறகு அவள் யாரிடமும் சொல்லாத விஷயம் அது.

உட்கார்ந்ததும் பையனின் அம்மா அவரை நேராகப் பார்த்தார்.

“வேற ஏதாவது குறை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பின்னாடி தெரிஞ்சா மனசு கஷ்டமாயிடும்.”

அவர் யோசித்தார். ஒப்புக்கு அல்ல, உண்மையாகவே யோசித்தார். மின்விசிறியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

மனைவி மேசைக்கு அடியில் மறுபடியும் அவர் காலைத் தேடினாள்.

“இல்லைங்க. அவ்வளவுதான்.”

பையனின் அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பையனின் அம்மா ஆறிப்போன தேநீரைக் கையில் எடுத்தார்.

“என் பையனுக்கும் குறட்டைதான்” என்றார்.

சாமியாரைப் பார்த்து வரும் ஞாயிற்றுக்கிழமையே கோயிலில் எல்லோரும் அறியக் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிவிடலாம் என்று பேசி முடித்துவிட்டு அவர்கள் கிளம்பினார்கள்.

கதவைச் சாத்தியதும் அவளுக்கு மூச்சு வந்தது. பின்னாலேயே எரிச்சலும் வந்தது. விற்காத ஒரு ஃபிரிட்ஜுக்காக மண்டியிட்ட மனிதர், சம்பந்தி வீட்டார் முகத்தைப் பார்த்து எப்படித் துணிந்து பொய் சொன்னார்? நாளைக்குத் தெரியவந்தால் யார் பதில் சொல்வது?

சமையலறையில் அவள் கோப்பைகளைக் கழுவ, அவர் பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தார். மகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்த விஷயம்தான். ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மத்ததெல்லாம் கொட்டித் தீத்தீங்க. சிஸ்டருங்க நடத்துற குழந்தைங்க இல்லத்துல இருந்து அவளத் தூக்கிட்டு வந்து வளத்தோமே, அத மட்டும் ஏன் மறைச்சீங்க?”

அவர் புரியாமல் விழித்தார்.

“மறைச்சேனா? பையனோட அப்பா கடைக்கு வந்த மொத நாளே சொல்லிட்டேனே. வீட்டுக்குப் போய் அந்தம்மாகிட்டயும் சொல்லியிருக்காரு. அத நான் எல்லார்கிட்டயும்தானே சொல்றேன்.”

அவள் குழாயை மூடினாள். இத்தனை வருடமாக அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது.

“அப்புறம் அந்தம்மா கேட்டப்ப ஏன் வாயத் திறக்கல?”

அவர் கோப்பையைத் துடைத்தபடியே, கடைக்கு வந்தவர்களிடம் பேசுகிற அதே பொறுமையோடு சொன்னார்.

“அவங்க குறையத்தானேம்மா கேட்டாங்க?”