புழுக்கத்துக்கு ஏற்ற பெரணி

நர்சரியில் பூவாளித் தண்ணீர் இலைகளில் சடசடவென்று விழும் சத்தம் பெரணிக்கு இன்னும் நினைவிருந்தது. கடலோர ஊரின் புழுக்கத்துக்கு ஏற்ற செடி என்று தேர்ந்தெடுத்து, அதை ஓர் அலுவலகத்தின் உள்சுவரில் மாட்டியிருந்தார்கள்.

“ஏசி அண்ணே, அந்தப் புழுக்கம் எங்கே? எனக்குத் தொண்டை வறளுது.”

“அதை உறிஞ்சி வெளியே தள்ளத்தானே என்னை வச்சிருக்காங்க!”

“அப்போ என்னை எதுக்கு எடுத்தாங்க?”

“ஊரைப் பார்த்து எடுத்திருப்பாங்க, தங்கச்சி. கொஞ்சம் நிறுத்தலாம்னா ரிமோட் என் கையிலயா இருக்கு?”

நுனி கருகிய பெரணியை மேலாளர் அமலோற்பவம் பரிவோடு தடவிப் பார்த்தார். “பாவம், இதுக்கும் புழுக்கம் தாங்கலை போல” என்று ஏசியில் இன்னும் இரண்டு டிகிரி குறைத்தார்.

பெரணி அந்த வாரமே காய்ந்துபோனது.