எந்தப் பக்கத்துப் பெரியப்பா?

விசேஷ வீட்டில் நுழையப் பத்திரிகை எதற்கு, வெள்ளை வேட்டி போதும் என்பது சீனிச்சாமியின் அனுபவம். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்பார்கள். இரண்டு பக்கமும் பேசி முடிப்பதற்குள் அவர் யாருடைய நகையோடாவது பஸ் ஏறியிருப்பார்.

சித்திரை வெயிலில் போடி கொதித்துக்கொண்டிருந்தது. ஜீப் நிற்கும் இடத்தில் ஒரு பெரிய குடும்பம், லீவுக்குக் குரங்கணி மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அத்தை, மாமா, நண்டும் சிண்டுமாகப் பிள்ளைகள். நடுவில் வீரலட்சுமி, அவள் கழுத்தில் காசுமாலை.

சீனிச்சாமி ஒரு கூடை மாம்பழத்தோடு ஓடினார். “என்னைய விட்டுட்டுப் போறீகளே, நல்லாருக்கா?”

வீரலட்சுமி ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தாள். “அட, பெரியப்பா! வெரசா ஏறுங்க. ஒங்களைத்தான் பேசிக்கிட்டிருந்தோம்.”

மேலே சொர்க்கம். ஏலத் தோட்டத்துக்கு நடுவே ஓட்டு பங்களா. காலையில் ஓடைக் குளியல், மத்தியானம் நாட்டுக்கோழி, சாயங்காலம் சீட்டு. “பெரியப்பாவுக்கு ஈரலைக் கொண்டா!” என்று குரல் கொடுத்து உபசரித்தான் வீரலட்சுமியின் கணவன் சின்ராசு. எந்தப் பக்கத்துப் பெரியப்பா என்று ஒருவரும் கேட்கவில்லை. முறை வைத்துக் கூப்பிட்டாகிவிட்டால் நம் ஜனங்கள் பெயரைக்கூடக் கேட்க மாட்டார்கள். சீனிச்சாமியின் பிழைப்பு அதில்தான் ஓடியது.

குளிக்கப் போகும்போதெல்லாம் காசுமாலை பீரோவுக்குள் போனது. ஆனால் வீட்டில் எந்நேரமும் ஆள் இருந்தது. அதுதான் இடைஞ்சல்.

வீரபாண்டித் திருவிழா வந்தது. சாமி கண் திறந்தது. காலையிலேயே எல்லாரும் கிளம்பினார்கள்.

“அந்தக் கூட்டத்துல ஒங்க மூட்டு தாங்காது பெரியப்பா, வீட்டைப் பாத்துக்கங்க” என்று சாவிக்கொத்தை நீட்டினாள் வீரலட்சுமி. “காசுமாலையை பீரோவுலதான் வச்சிருக்கேன்.”

“கவலையில்லாமப் போயிட்டு வா ஆத்தா. என் உசுரு மாதிரி பாத்துக்கிர்றேன்.”

விலை ஏறட்டும் என்று ஸ்டோரில் அடுக்கி வைத்திருந்த ஏலக்காய் மூட்டைகளையும் போகிற வழியில் போடியில் இறக்கிவிடப் போவதாகச் சொன்னான் சின்ராசு. சனியன்கள் சீக்கிரம் கிளம்பட்டும் என்று, மூட்டு வலியையும் மறந்து சீனிச்சாமியே தோள் கொடுத்து ஏற்றிவிட்டார்.

ஜீப்புகள் வளைவில் மறைந்தன. பீரோவைத் திறந்து மாலையை எடுத்து உரசிப் பார்த்தார்.

கவரிங்!

‘இம்புட்டுப் பெரிய குடும்பம், இப்படியா ஊரை ஏமாத்துறது?’ அவருக்கு மனசே விட்டுப்போயிற்று.

வாசலில் கார் ஹாரன் ஒலித்தது. பெட்டி படுக்கையோடு இன்னொரு குடும்பம் இறங்கியது. முன்னால் வந்தவர் அவரைப் பார்த்துத் திகைத்து நின்றார். “யாருங்க நீங்க?”

தாமதமாக வந்த சொந்தம் போலிருக்கிறது! சீனிச்சாமி கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்விதான் அது.

“என்ன அப்பு, பெரியப்பாவைத் தெரியலையா? எல்லாரும் வீரபாண்டிக்குப் போயிருக்காக. இப்பத்தான் ஏலக்காய் மூட்டை பூராத்தையும் நானே ஏத்திவிட்டேன்.”

வந்தவர் ஸ்டோரை நோக்கி ஓடினார். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. வாசற்படியிலேயே நின்று செல்போனைக் காதில் வைத்தார்.

“ஸ்டேஷனுங்களா? பூட்டிக் கெடந்த என் பங்களாவுல ஒரு திருட்டுக் கூட்டம் புகுந்து ஏலக்காயைப் பூராவும் அள்ளிட்டுப் போயிருச்சு சார். சீக்கிரம் வாங்க, கூட்டத்துக்குப் பெரியப்பா மட்டும் இங்கதான் இருக்காரு!”