பெரிய வெள்ளியில் பைலா

பெரிய வெள்ளிக்கிழமை மதியம் நீர்கொழும்புக் கடலோரத் தெரு அடங்கிக் கிடக்கிறது. கோயில் மணிகூட இன்று அடிக்காது. சிலுவைப் பவனிக்கு முன்னால் தட்டிக்கொண்டு வரும் மரக்கட்டையின் டக் டக் மட்டும் தூரத்தில் கேட்கிறது. அந்த நேரம் பார்த்து போனிபஸ் ஜன்னலோர டேப் ரெக்கார்டரில் பைலா நடனப் பாட்டுக் கேசட்டைப் போடுகிறார். மேளம் துள்ளிக்கொண்டு தெருவில் இறங்குகிறது. நாற்காலியில் இருக்கும் மனைவி மர்சலினுக்கு முதலில் கால்விரல் அசைகிறது, பிறகு தோள். நேற்று ராத்திரியிலிருந்து இறுக மூடியிருந்த வாய் மெல்லத் திறக்கிறது. மறதி நோய் புருஷன் பெயரைக்கூட அழித்துவிட்டது, தாளத்தை அதனால் தொட முடியவில்லை. போனிபஸ் ஒரு கரண்டி கஞ்சி ஊட்டுகிறார்.

"அத்தான், உங்களுக்கும் மூளை கலங்கிட்டுதா?" மர்சலினின் தங்கை ட்ரீசா கறுப்பு உடுப்போடு உள்ளே பாய்கிறாள். "ஆண்டவர் செத்த நாள்ல ஆட்டப் பாட்டா? பவனி வாசலுக்கு வருது!" பாட்டை நிறுத்துகிறாள். அக்காவின் தோள் நிற்கிறது, வாய் பூட்டிக்கொள்கிறது, கஞ்சி தாடையில் வழிகிறது. "அக்கா, ஆ காட்டு, கொஞ்சம்தான்." ட்ரீசா கெஞ்சியும் அந்த வாய் திறக்கவில்லை. மரக்கட்டைச் சத்தம் வேலியருகே வந்துவிட்டது.

"ஆண்டவர் ஞாயித்துக்கிழமை எழும்பிருவார். இவளுக்கு இன்னைக்குத்தான் பசி." போனிபஸ் பாட்டைப் போட்டு, சத்தத்தைக் கடைசிவரை திருகுகிறார். பவனியில் தலைகள் திரும்புகின்றன. ஜன்னலைச் சாத்த ஓடும் ட்ரீசாவின் கையில் கரண்டியைத் திணிக்கிறார்.

"அது கிடக்கட்டும். அக்கா வாயைத் திறந்துட்டா, பார். ஊட்டு."